குளிர் அயனிப் பொறியில் எதிரயனிகள்: சில ஆயிரம் அயனிகளை வைத்து நிறமாலை எடுப்பது எப்படி?

தேனிமகள்:
வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். கருத்தரங்கில் பேச, குளிர் அயனிப் பொறியில் (அயனிகளை மின்புலத்தால் அடைத்துவைத்துக் குளிர்விக்கும் கருவி) மூலக்கூறு எதிரயனிகளின் நிறமாலை எடுப்பது பற்றிய தலைப்பு கிடைத்திருக்கிறது. கட்டுரைகளில் கருவியின் படம் புரிகிறது, கடைசி வரைபடமும் புரிகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. எங்களுக்குத் தெரிந்த நிறமாலையியல் எல்லாம் பீர்-லாம்பர்ட் விதிதான்: ஒளியை உள்ளே விடு, எவ்வளவு குறைந்து வெளியே வருகிறது என்று பார். பொறிக்குள் இருப்பதோ சில ஆயிரம் அயனிகள். அவை எவ்வளவு ஒளியைத்தான் உறிஞ்சும்? எதிரயனி என்றால் மட்டும் ஏன் தனியாகப் பேசுகிறார்கள்? 10 கெல்வினுக்குக் குளிர்விக்க ஏன் இவ்வளவு பாடு?

அலைஎண்:
நல்ல கேள்வி. முதலில் உங்கள் சந்தேகத்தையே கணக்காகப் போட்டுப் பார்ப்போம். பொறியில் 10,000 அயனிகள், ஒளிக்கற்றையின் பரப்பு 1 சதுர செ.மீ., ஒவ்வொரு அயனியின் உறிஞ்சும் குறுக்குப் பரப்பு 10⁻¹⁷ சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 10⁻¹³ வரும். அதாவது பத்து லட்சம் கோடி ஃபோட்டான்களில் ஒன்று உறிஞ்சப்படும். எந்தக் கண்டறிவானாலும் அந்தக் குறைவைக் காண முடியாது. ஒரே மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளுவதால், அயனிகளை அதிகமாகத் திணிக்கவும் வழியில்லை.

அதனால் ஒளியைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். அயனிக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிறார்கள். எதிரயனியில் கூடுதல் எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல்தான் எலக்ட்ரான் நாட்டம். ஹைட்ராக்சைடுக்கு அது 1.83 எலக்ட்ரான் வோல்ட், சயனைடுக்கு 3.86. நடுநிலை மூலக்கூறுகளை அயனியாக்க 10 எலக்ட்ரான் வோல்ட் அளவில் தேவைப்படும்போது, இங்கே சாதாரண சிவப்பு லேசரோ புற ஊதா லேசரோ போதும். எலக்ட்ரான் போய்விட்டால் மிஞ்சுவது நடுநிலை மூலக்கூறு. பொறிக்கு அதன்மேல் பிடிப்பே இல்லை, வெளியேறிவிடும். லேசர் போட்டபின் மிஞ்சியிருக்கும் அயனிகளை வெளியே இழுத்து ஒவ்வொன்றாக எண்ணினால், எத்தனை குறைந்தன என்று தெரியும். ஃபோட்டான் கணக்கில் காணவே முடியாத விஷயம், அயனிக் கணக்கில் பாதிக்குப் பாதி குறைவாகத் தெரியும்!

எதிரயனிகளைத் தனியாகப் பேசக் காரணமும் இதிலேயே இருக்கிறது. நேரயனியிலும் நடுநிலை மூலக்கூறிலும் வெளி எலக்ட்ரானைக் கூலும் விசை (மின்னூட்டங்களுக்கு இடையிலான ஈர்ப்பு) வெகுதூரம் வரை பிடித்திருப்பதால், கிளர்ச்சி நிலைகள் அடுக்கடுக்காக இருக்கும். எதிரயனியில் எலக்ட்ரான் விலகிப் போகும்போது பின்னால் இருப்பது மின்னூட்டமில்லாத மூலக்கூறு. ஈர்ப்பு மிக விரைவில் தேய்ந்துவிடும். அதனால் பெரும்பாலானவற்றுக்குக் கட்டுண்ட கிளர்ச்சி மின்னணு நிலையே கிடையாது. கிளர்ச்சியூட்டி, அது உமிழும் ஒளியைப் பிடிக்கும் ஒளிர்வு முறை இங்கே எடுபடாது. சி2 எதிரயனி போலச் சில விதிவிலக்குகள் உண்டு. மற்றவற்றுக்கு எலக்ட்ரானை இழப்பதுதான் நமக்குக் கிடைக்கும் சைகை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடமும் இதுதான். எதிரயனி எளிதில் அழிந்துவிடுகிறதே என்று அலுத்துக்கொள்ள வேண்டிய குணத்தையே அளவுகோலாக மாற்றியிருக்கிறார்கள்.

இனி குளிர். மூலக்கூறு சுழல்வது 0, 1, 2 என்று படிப்படியான ஆற்றல் நிலைகளில்தான். அவற்றின் இடைவெளியைத் தீர்மானிக்கும் சுழற்சி மாறிலி ஹைட்ராக்சைடுக்குச் சுமார் 18.7 அலை எண் (செ.மீ.⁻¹, இங்கே ஆற்றலின் அலகு). சுழற்சி நிலை 1 என்பது நிலை 0-க்கு மேல் 37.5-இல், வெப்பநிலையாகச் சொன்னால் 54 கெல்வினில் இருக்கிறது. போல்ட்ஸ்மன் பங்கீட்டை (ஒரு வெப்பநிலையில் எந்த நிலையில் எத்தனை இருக்கும் என்று சொல்லும் விதி) போட்டுப் பாருங்கள். 300 கெல்வினில் நிலை 0-இல் இருப்பது 9 சதவீதம் மட்டுமே, மற்றவை ஏழெட்டு நிலைகளில் சிதறிக் கிடக்கும். 20 கெல்வினில் 83 சதவீதம். 10 கெல்வினில் 98-க்கு மேல். அறை வெப்பநிலையில் ஒரு லேசரைப் போட்டால் எந்த நிலையிலிருந்து எலக்ட்ரான் போனது என்று சொல்ல முடியாது. குளிரில் சொல்ல முடியும். கருத்தரங்கில் இந்த ஒரு கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டினாலே பாதிப் பேச்சு முடிந்தது.

விண்மேகம்:
வானியல் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். விண்மீனிடை மேகங்களில் மூலக்கூறு எதிரயனிகளைக் காணலாம் என்று எரிக் ஹெர்ப்ஸ்ட் 1981-இலேயே எழுதினார். 1995-இல் கவகுச்சி குழு, ஐஆர்சி+10216 என்ற கார்பன் விண்மீனைச் சுற்றிய உறையில் யாருடையது என்று தெரியாத ரேடியோக் கோடுகளின் வரிசை ஒன்றைப் பதிவு செய்தது. சுழற்சி மாறிலி 1377 மெகாஹெர்ட்ஸ் என்று மட்டும் தெரிந்ததால் பி1377 என்றே பெயர் வைத்தார்கள். 2006-இல் மெக்கார்த்தி, காட்லீப், குப்தா, தாடியஸ் நால்வரும் ஆய்வகத்தில் சி6எச் எதிரயனியின் சுழற்சிக் கோடுகளை அளந்தபோது, பதினொரு ஆண்டுப் புதிர் அவிழ்ந்தது. விண்வெளியில் முதலில் அடையாளம் காணப்பட்ட எதிரயனி அதுதான். அடுத்த நான்கே ஆண்டுகளில் சி4எச், சி8எச், சி3என், சி5என், கடைசியாகச் சயனைடு என்று வரிசையாக வந்தன.

அந்த முதல் அளவீடு மின்னிறக்கத்தில் எடுத்தது, பொறியில் அல்ல. ஆனால் கண்டுபிடித்த பிறகு வரும் கேள்விகளுக்குத்தான் பொறி வேண்டும். விண்மீன் ஒளி பட்டு இந்த எதிரயனிகள் எவ்வளவு வேகமாக அழிகின்றன? ஹீலியத்தோடு மோதினால் சுழற்சி நிலை எவ்வளவு விரைவில் மாறுகிறது? இவை தெரியாமல், தொலைநோக்கியில் தெரியும் கோட்டின் பலத்தை எண்ணிக்கையாக மாற்ற முடியாது.

தேனிமகள்:
இருவருக்கும் மிக்க நன்றி. 9 சதவீதம், 83 சதவீதம் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. அடுத்த சந்தேகம். எங்கள் பாடத்தில் பால் பொறி (வுல்ஃப்காங் பால் உருவாக்கிய அயனிப் பொறி) என்றால் நான்கு தண்டுகள். கட்டுரைகளில் எல்லாம் 22 துருவம் என்று வருகிறதே, எதற்கு இத்தனை தண்டுகள்?

துருவம்22:
இது என் வேலை, நான் சொல்கிறேன் தங்கச்சி. 22 துருவப் பொறியை உருவாக்கியவர் டீட்டர் கெர்லிஷ். முதலில் ஃபிரைபுர்க், பின்னர் கெம்னிட்ஸ். 2020-இல் காலமானார். இன்று இந்தத் துறையில் இருக்கும் பாதிக் கருவிகளுக்கு மூலம் அவருடைய வடிவமைப்பு. 1 மி.மீ. விட்டமுள்ள 22 தண்டுகள் 1 செ.மீ. விட்டமுள்ள வட்ட வெளியைச் சுற்றி நிற்கும். அடுத்தடுத்த தண்டுகளுக்கு எதிரெதிர் கட்டத்தில் ரேடியோ அலைவெண் மின்னழுத்தம் கொடுப்பார்கள். புலம் வேகமாக மாறிக்கொண்டே இருப்பதால், சராசரியில் அயனி புலம் பலவீனமான பக்கம் தள்ளப்படும். அதுதான் நடு.

நான்கு தண்டுப் பொறியில் இந்தச் சராசரி மின்னழுத்தம் ஆரத்தின் இருபடியில் ஏறும். 22 துருவத்தில் ஆரத்தின் 20-ஆம் படியில்! நான்கு தண்டு வாணலி என்றால் 22 தண்டு தாம்பாளம்: அடி முழுக்கத் தட்டை, விளிம்பில் மட்டும் சட்டென்று சுவர்.

இந்தத் தட்டை ஏன் முக்கியம்? அயனி ரேடியோப் புலத்துக்குள் இருக்கும்போது அதே அலைவெண்ணில் நடுங்கிக்கொண்டே இருக்கும். தனியாக நடுங்கினால் பாதகமில்லை. நடுங்கும் நேரத்தில், குளிர்விப்பதற்காகப் பொறிக்குள் விட்ட ஹீலியம் வாயுவின் ஓர் அணு மோதினால், அந்த நடுக்கத்தின் ஆற்றல் நிரந்தரமாக அயனியின் இயக்கத்தில் சேர்ந்துவிடும். இதைத்தான் ரேடியோ வெப்பமூட்டல் என்கிறோம். குளிர்விக்க விட்ட வாயுவே சூடேற்றும் நிலை. நான்கு தண்டில் நடுவை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தாலே புலம் உண்டு. 22-இல் அயனி பெரும்பாலான நேரம் புலமே இல்லாத வெளியில் சுற்றும், சுவரைத் தொடும்போது மட்டும்தான் உதறல்.

நிறை விகிதமும் கவனிக்க வேண்டும். குளிர்விக்கும் அணு அயனியைவிட லேசாக இருந்தால் நல்லது. 17 நிறையுள்ள ஹைட்ராக்சைடுக்கு 4 நிறையுள்ள ஹீலியம் பொருத்தம். அணு கனமாக இருந்தால் அயனி சூடேறிப் பொறியை விட்டே போகும் என்பதை மேஜரும் டெமெல்ட்டும் 1968-இலேயே காட்டிவிட்டார்கள். ஹீலியம் அடர்த்தி கன செ.மீ.-க்கு 10¹⁴ என்றால் ஒரு அயனிக்கு நொடிக்கு ஒரு லட்சம் மோதல் என்ற அளவில் கிடைக்கும். சில மில்லி நொடியில் குளிர்ந்துவிடும்.

பழைய_ஆய்வகன்:
எல்லாம் சரி, ஒரு எச்சரிக்கை. பொறியின் செப்புப் பெட்டியில் வெப்பநிலைமானி 10 கெல்வின் காட்டினால் அயனிகளும் 10 கெல்வின் என்று எழுதிவிடாதீர்கள். நான் பார்த்த பல ஆய்வேடுகளில் இதை அப்படியே நம்பிப் போட்டிருக்கிறார்கள். தண்டில் உறைந்துபோன நீராவி, நைட்ரஜன் எல்லாம் மின்னூட்டம் பிடித்து வைத்துக்கொள்ளும், புலம் கோணும், அயனி சுவர்ப் பக்கம் இழுபடும். அப்புறம் உதறல்தான். வாயு தேர்விலும் கவனம் வேண்டும். ஹைட்ரஜன் நன்றாகக் குளிர்விக்கும், ஆனால் அமைடு எதிரயனி அதோடு வினைபுரிந்து அம்மோனியாவாகிவிடும், பொறியில் மிஞ்சுவது ஹைட்ரைடு அயனிதான்.

அலைஎண்:
ஐயா சொல்வது மிக முக்கியம். அதனால்தான் அயனியிடமே வெப்பநிலையைக் கேட்கும் முறை வந்தது. இன்ஸ்ப்ரூக்கில் ரோலண்ட் வெஸ்டர் குழு 2013-இல் ஹைட்ராக்சைடை வைத்துச் செய்தார்கள்.

ஹைட்ராக்சைடின் நிலை 0-இலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 14,741 அலை எண் ஆற்றல் வேண்டும், அதாவது 678.4 நானோமீட்டர். நிலை 1 ஏற்கனவே 37.5 மேலே நிற்பதால் அதற்கு 14,703.5 போதும், 680.1 நானோமீட்டர். லேசரை 679-இல் வைத்தால் நிலை 1-உம் அதற்கு மேலுள்ளவையும் போகும், நிலை 0 அப்படியே இருக்கும். 678-க்குக் கொண்டுவந்தால் எல்லாம் போகும். இரண்டு இடங்களிலும் அயனிகள் குறையும் வேகத்தை ஒப்பிட்டால், எத்தனை பேர் எந்த நிலையில் இருந்தார்கள் என்று கணக்கிடலாம். அதிலிருந்து வருவது சுழற்சி வெப்பநிலை. பொறியின் பெட்டி மிகவும் குளிரும்போது அயனிகள் அதோடு சேர்ந்து முழுக்க இறங்குவதில்லை, மேலேயே நின்றுவிடுகின்றன என்று 2017-இல் அதே குழு ஒரு கட்டுரை முழுக்க இதையே பேசியது.

இதே உத்தியை டெராஹெர்ட்ஸ் நிறமாலைக்கும் பயன்படுத்தலாம், எனக்கு அது இன்னும் அழகாகப் படுகிறது. 2014-இல் கொலோன் பல்கலைக்கழகத்தில் ஷ்லெம்மர் குழு செய்தது. குளிர்ந்த அயனிகள் நிலை 0-இல் இருக்கின்றன. 1.12 டெராஹெர்ட்ஸ் கதிரைச் சரியான அலைவெண்ணில் விட்டால் சில அயனிகள் நிலை 1-க்கு ஏறும். ஏறியவற்றை மட்டும் லேசர் அழிக்கும். அலைவெண் சற்றுத் தப்பினாலும் எதுவும் ஏறாது, எண்ணிக்கையும் குறையாது. அந்தக் கதிருக்கான கண்டறிவானே இல்லாமல், அயனிகளை எண்ணி மட்டும், நூறு கோடியில் ஒரு பங்கு துல்லியம் எட்டினார்கள்.

விண்மேகம் கேட்ட ஹீலியம் மோதலுக்கும் இதே வழி. லேசர் நிலை 1-ஐயும் மேலுள்ளவற்றையும் அழித்துக்கொண்டே இருக்கட்டும். லேசரின் பலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் அழியும் வேகம் ஏறாமல் நின்றுவிடும். ஏனென்றால் அப்போது வேகத்தைத் தீர்மானிப்பது ஹீலியம் எவ்வளவு விரைவில் நிலை 0-இலிருந்து அடுத்தவரை மேலே தள்ளுகிறது என்பதுதான். அந்த வேகமே மோதல் வீதம். 2015-இல் வெஸ்டர் குழு இதை வெளியிட்டது.

கார்பன்60:
ஹைட்ராக்சைடு இரண்டு அணு. பெரிய எதிரயனிகளுக்கு இந்தச் சுத்தமான கதை பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுங்கள். சி6எச் எதிரயனியின் சுழற்சி மாறிலி 1.377 கிகாஹெர்ட்ஸ். 10 கெல்வின் ஆற்றலை அலைவெண்ணாக மாற்றினால் 208 கிகாஹெர்ட்ஸ். வகுத்தால் 150 வரும், அதாவது அயனிகள் இருபதுக்கும் மேற்பட்ட சுழற்சி நிலைகளில் பரவியிருக்கும். ஒரே நிலை என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெரியவற்றில் குளிரின் பயன் அதிர்வுகளில்தான். சி60-க்கு 174 அதிர்வு வகைகள். அறை வெப்பநிலையில் அவற்றில் பல ஏற்கனவே ஆடிக்கொண்டிருக்கும், ஒளியெலக்ட்ரான் நிறமாலையில் (ஒளி பட்டு வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளப்பது) சூட்டுப் பட்டைகளாக வந்து எல்லாவற்றையும் மழுக்கிவிடும். 2005-இல் லாய்-ஷெங் வாங் குழு சி60 எதிரயனியைக் குளிர்ப் பொறியில் வைத்து எடுத்தபோது அதிர்வுக் கட்டமைப்பு தெளிவாகப் பிரிந்து தெரிந்தது. எலக்ட்ரான் நாட்டம் 2.683 எலக்ட்ரான் வோல்ட்.

பெர்க்லியில் டேனியல் நியூமார்க் குழு இன்னொரு படி போனது. எட்டுத் தண்டுப் பொறியில் 5 கெல்வின் அளவில் குளிர்வித்து, லேசரை எலக்ட்ரானைப் பிரிக்கும் ஆற்றல் வாசலுக்குச் சற்று மேலே மட்டும் வைத்து, மெதுவாக வெளிவரும் எலக்ட்ரான்களைப் படமாக எடுப்பார்கள். மெதுவான எலக்ட்ரானின் வேகத்தைத்தான் நுட்பமாக அளக்க முடியும். 2015-இல் எஃப்எச்2 எதிரயனியிலிருந்து எலக்ட்ரானை எடுத்து, ஃபுளோரினும் ஹைட்ரஜனும் வினைபுரியும் பாதையில் உள்ள ஒத்ததிர்வுகளை (சிறிது நேரமே தங்கும் நிலைகளை) நேரடியாகக் கண்டார்கள். எதிரயனியின் வடிவம் வினையின் இடைநிலைக்கு அருகே இருப்பதால், எலக்ட்ரானை உருவியதும் நடுநிலை மூலக்கூறு வினையின் நடுவழியில் போய் நிற்கிறது. 2017-இல் வினைலிடின் அசிட்டிலீனாக மாறுவதை இதே வழியில் ஆராய்ந்தார்கள். உங்கள் பேச்சில் ஒரு படம் போட இடமிருந்தால் இதைப் போடுங்கள்.

பழைய_ஆய்வகன்:
அகச்சிவப்பையும் விட்டுவிடாதீர்கள். அதன் ஃபோட்டானுக்கு எலக்ட்ரானைப் பிரிக்கும் ஆற்றல் இல்லை. அதனால் குளிரில் ஓர் ஆர்கான் அணுவையோ டியூட்டீரியம் மூலக்கூறையோ அயனிமேல் ஒட்டவைப்பார்கள். ஃபோட்டானை உறிஞ்சினால் அந்த ஒட்டு கழன்றுவிடும், நிறை மாறும், நிறைமானி சொல்லிவிடும். யேலில் மார்க் ஜான்சன், ஜெர்மனியில் க்னூட் ஆஸ்மிஸ் இருவரும் இதில் நிறையச் செய்திருக்கிறார்கள். ஒட்டியிருக்கும் அணு கோடுகளைச் சற்றே நகர்த்தும், அதை மட்டும் மனதில் வையுங்கள்.

வளையம்:
வாயுவே இல்லாமல் குளிர்விக்கும் சேமிப்பு வளையங்களை (அயனிகள் வெற்றிடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் குளிர்ந்த கருவிகள்) யாரும் சொல்லவில்லையே. ஸ்டாக்ஹோமில் டெசிரே, ஹைடெல்பர்க்கில் 35 மீட்டர் சுற்றளவுள்ள சிஎஸ்ஆர். ரேடியோப் புலமும் இல்லை, உதறலும் இல்லை. அயனி தானே கதிர்வீசிக் குளிரும். பொறியைவிடச் சுத்தம் இதுதான் என்பேன்.

துருவம்22:
சுத்தம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹைட்ராக்சைடின் நிலை 1 தானாக நிலை 0-க்கு இறங்க மூன்று நிமிடத்துக்கும் மேல் ஆகிறது என்று சிஎஸ்ஆரிலேயே அளந்திருக்கிறார்கள். ஹீலியம் இதை மில்லி நொடிகளில் முடித்துவிடும். இருமுனைத் திருப்புத்திறன் (மின்னூட்டம் இரு முனைகளுக்கும் பிரிந்திருக்கும் அளவு) இல்லாத சி2 எதிரயனிக்குச் சுழற்சிக் கதிர்வீச்சே இல்லை, வளையத்தில் அப்படியே சூடாகச் சுற்றும். மோதல் வீதம் அளக்க வேண்டுமென்றால் வாயு வேண்டும். ஆயுட்காலம் அளக்க வளையம், மோதலும் நிறமாலையும் அளக்கப் பொறி. ஒரு கல்லூரித் தளத்தில் வைக்கக்கூடியதும் பொறிதான். திருப்பதி ஐசரில் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) பல்துருவப் பொறியை வைத்து இந்த வகை வேலை நடக்கிறது. முனைவர் பட்ட யோசனை இருந்தால் விசாரித்துப் பாருங்கள் தங்கச்சி.

விண்மேகம்:
இருமுனை என்றதும் நினைவுக்கு வந்தது. நடுநிலை மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன் சுமார் 2.5 டெபையைத் தாண்டினால், அந்த இருமுனையே ஓர் எலக்ட்ரானை வெகு தளர்வாகப் பிடித்து வைக்கும். பீனாக்சைடில் அப்படியொரு நிலை வாசலுக்கு 97 அலை எண் கீழே இருப்பதை வாங் குழு 2013-இல் குளிர்ப் பொறியில் கண்டது. விண்வெளியில் எலக்ட்ரான் வந்து ஒட்டும்போது இத்தகைய நிலைகள் நுழைவாயிலாக உதவுமா என்ற விவாதம் முக்கியமானது. ஏனென்றால் சயனைடு போன்ற சிறியவற்றுக்கு எலக்ட்ரான் ஒட்டி ஒளி உமிழும் வழி மிகவும் மெதுவானது, கண்ட அளவை அது விளக்காது என்று 2016-இல் வந்த கணக்கீடுகள் காட்டின. வேறு வினைகளைத் தேட வேண்டியிருக்கிறது.

விண்மீனிடைப் பரவல் பட்டைகளுக்கும் (விண்மீன் ஒளியில் தெரியும், பெரும்பாலும் காரணம் தெரியாத உறிஞ்சல் பட்டைகள்) எதிரயனிகளைக் காரணமாகச் சொல்லிப் பார்த்தார்கள். 1998-இல் சி7 எதிரயனி பொருந்துவதாகத் தோன்றியது. பிறகு கூர்ந்து அளந்தபோது பொருந்தவில்லை. பட்டைகளில் உறுதியானது சி60 நேரயனி, 2015-இல். அதை உறுதி செய்ததும் கெர்லிஷ் பங்கேற்ற குளிர்ப் பொறி அளவீடுதான், ஹீலியத்தை ஒட்டவைத்து எடுத்தது.

தேனிமகள்:
எவ்வளவு விரிவாகச் சொல்லியிருக்கிறீர்கள்! ஹைட்ராக்சைடை மையமாக வைத்துப் பேசுவதென்று முடிவு செய்துவிட்டேன். பலகையில் போட ஒரு கணக்கு: நிலை 2 மட்டும் (மேலுள்ளவையும்) போக வேண்டும், நிலை 1 போகக்கூடாது என்றால் லேசர் 680.1-க்கும் 683.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று வருகிறது. சரியா? இன்னொன்று, மிஞ்சும் நடுநிலை மூலக்கூறுக்கும் இரண்டு மின்னணு நிலைகள் உண்டே, அதை எங்கே சேர்ப்பது?

அலைஎண்:
683.6 சரி. நிலை 2, 112 அலை எண் மேலே இருப்பதால் 14,629-இல் வாசல் திறக்கும். நடுநிலை மூலக்கூறின் இரண்டாவது நிலை, முதலாவதற்கு 126 அலை எண் மேலே இருக்கிறது. லேசர் 14,690 என்று வைத்தால் நிலை 2-க்கு வாசலைத் தாண்டி 61 அலை எண் மட்டுமே மிச்சம், இரண்டாவது நிலையை எட்டாது. நிலை 3, 225 மேலே இருப்பதால் 174 மிஞ்சும், ஆற்றல் அளவில் அதற்கு இரண்டு வழியும் திறந்திருக்கும். ஆனால் 20 கெல்வினில் நிலை 3-இல் அயனியே இருக்காது, அதனால் பலகையில் விட்டுவிடலாம். அறை வெப்பநிலை வரைபடத்தையும் பக்கத்தில் போடுவதாக இருந்தால் மட்டும் இரண்டு வழியையும் சேருங்கள்.